செனட்டருக்குக் கதவைத் திறந்தேன்

வீட்டில் யார் ஷூ மாட்டினாலும் "எங்க போற?" என்று நான் கேட்டுவிடுகிறேன். அதற்காக நீங்கள் இருவரும் என்னைக் கேலி செய்கிறீர்கள். போன வாரம் பெரியவள் வாசலில் நின்றபடி, "அப்பா, ஐ ஆம் ஜஸ்ட் செக்கிங் த மெயில்!" என்று கத்தினாள். சின்னவள் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள். உங்கள் அம்மாவுக்கு வேறு மாதிரிக் கோபம்.

"கெளம்புற நேரத்துல எங்கன்னு கேக்கக் கூடாதுன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க நம்ம ஊர்லதான பொறந்தீக?"

அவள் சொல்வது சரி. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் அப்படித்தான். வாசல் தாண்டுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்போம். அவரும் "பக்கந்தான்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் நாற்பது வயது தாண்டும்வரை, தெரியாமல் வாய் தவறிய ஒரு தடவை தவிர, யாரையும் வாசலில் எங்கே என்று கேட்டதில்லை. இப்போது ஏன் கேட்கிறேன் என்பதை உங்களிடம் சொல்லியதில்லை. பெரியவள் அடுத்த வாரம் வேறு மாநிலத்தில் இருக்கிற ரிச்சர்ட்சனுக்குப் படிக்கப் போகிறாள். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவள் சின்னவளுக்கு வாசித்துக் காட்டட்டும்.

நான் வேலை பார்த்த கட்டடத்தில் பன்னிரண்டாவது மாடியில் இருந்த செனட்டர் தாத்தாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் பெயரையும் அவர் நாட்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் அப்படிக் கேட்டுக்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, அது போதும். அவர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அதில் என் பங்கு என்ன என்று தெரியாது.

நாம் இந்த நாட்டில் குடியேற உங்கள் அத்தை மனுப் போட்டு, பத்து வருஷம் காத்திருந்து, தொண்ணூற்றொன்றில் ஜெர்சி சிட்டிக்கு வந்தோம். ஊரில் நான் தாலுகா ஆபீசில் தற்காலிகப் பியூன். இங்கே ஜர்னல் ஸ்குவேர் பக்கத்தில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் லாபி டெஸ்க் வேலை கிடைத்தது. உள்ளே வருகிறவரின் பெயர் எழுதுவது, பார்சல் வாங்கி வைப்பது, வயசானவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது. பழைய வேலையும் கிட்டத்தட்ட இதுதான். சட்டை மட்டும் மாறியது.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் லிஃப்ட் திறந்து அவர் வெளியே வந்தார். நல்ல உயரம். சாம்பல் நிற சூட், டை, கையில் ஒரு தோல் ஃபைல். எழுபத்தைந்து வயதிருக்கும். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கட்டடத்தில் அதுவரை நான் யாருக்கும் எழுந்து நின்றதில்லை. இந்த ஊரில் அது வழக்கமும் இல்லை. ஆனால் அதிகாரி நடக்கிற நடை ஒன்று உண்டு. பதினோரு வருஷம் அந்த நடைக்கு எழுந்து பழகிய உடம்பு இது.

அவர் நின்று என்னைப் பார்த்தார்.

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ். என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

"ரெவின்யூ டிபார்ட்மென்ட் சார். பியூன்."

"அதான பார்த்தேன். எழுந்து நிக்கத் தெரிஞ்ச ஆளை இந்த நாட்டுல இப்பதான் பார்க்கிறேன்," என்று சொல்லிக் கை கொடுத்தார். என் வாழ்க்கையில் ஒரு மந்திரி எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவர் மந்திரியாக இருந்தவர் என்பது பிறகுதான் தெரியும்.

அவருடைய மகள் நர்ஸ். காலை ஆறு மணிக்கே டியூட்டிக்குப் போய்விடுவார். இவர் தினமும் பத்து மணிக்கு இறங்கி வந்து என் டெஸ்குக்கு எதிர் நாற்காலியில் உட்காருவார். சனி, ஞாயிறு வர மாட்டார். "சபைக்கு லீவு," என்பார். அப்போதெல்லாம் அது விளையாட்டுப் பேச்சு.

அப்படி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் அவர் கதை. முதலில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரன் போகிற சமயத்தில் ஜில்லா ஆபீசில் கிளார்க். நாடு விடுதலை ஆனதும் முதல் தேர்தலிலேயே நின்று ஜெயித்தார். பிறகு செனட். இரண்டு தடவை ராணுவம் வந்து சபையைப் பூட்டியது. முதல் தடவை அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அடுத்த தடவை வந்த ராணுவம் அவரைக் கூப்பிட்டு நீர்ப்பாசனத் துறையைக் கொடுத்தது.

"ஜெயில்ல போட்டவங்ககிட்டயே ஏன் சார் வேலைக்குப் போனீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"யார் ஆண்டாலும் ஜனங்களுக்குத் தண்ணி வேணும்," என்றார். பிறகு, "இது என் மனைவிக்கு நான் சொன்ன பதில். அவ நம்பலை," என்று சேர்த்துக்கொண்டார்.

மறுபடி சபை திறந்தபோது மறுபடி செனட்டர். மூன்றாவது தடவை ராணுவம் வந்தபோது மகள் வந்து இங்கே கூட்டி வந்துவிட்டார்.

அவருடைய பெருமை எது தெரியுமா? மந்திரி பதவி இல்லை. சபை நடந்த ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. காலையில் செயலர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாராம். பெயர் வந்ததும் எழுந்து "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டுமாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ஜெயிலில் இருந்தபோதும் காலை பத்து மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவாராம்.

அவர் மனைவி இறந்த அன்றும் சபையில்தான் இருந்தார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"வாசல்ல நின்னு எங்க போறீங்கன்னு கேட்டா. தினமும் கேப்பா. எங்க போறேன்னு அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேப்பா. சபைக்குன்னு சொன்னேன். சரின்னா. மத்தியானம் ஆள் வந்து சொன்னப்ப ஓட்டெடுப்பு நடந்துட்டிருந்தது. ஓட்டுப் போட்டுட்டுத்தான் போனேன்."

ஏதாவது பேச வேண்டுமே என்று, எங்கள் ஊரில் வாசலில் அப்படிக் கேட்க மாட்டோம், கேட்டால் சகுனம் சரியில்லை என்போம் என்றேன். ஒரு தடவை தாசில்தார் ஜீப்பில் ஏறும்போது "எங்கய்யா போறீங்க?" என்று தெரியாமல் கேட்டதையும், வழியில் ஜீப் பஞ்சர் ஆனதையும், அந்தப் பழி ஆறு மாசம் என் தலையில் கிடந்ததையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எங்கன்னு கேக்க மாட்டீங்க. சரி. ஆள் திரும்பி வரலைன்னா எங்க போய்த் தேடுவீங்க?"

நானும் சிரித்தேன்.

சின்னவளே, உனக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் டேகேர் வேலை நீளும் நாட்களில் உன்னை லாபியில் உட்கார வைப்பேன். அவர் உனக்கு "மேடம் ஸ்பீக்கர்" என்று பெயர் வைத்திருந்தார். எழுந்திருக்கும் முன்பு, "மேடம் ஸ்பீக்கர், எழுந்திருக்க அனுமதி உண்டா?" என்று கேட்பார். நீ "நோ!" என்பாய். அவர் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அப்படியே அரை மணி நேரம் பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான்தான் வந்து உன்னைக் கெஞ்சினேன்.

நம் கட்டடத்தில் பேங்க் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த தமிழ்ப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அதில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் மகா குறும்பு. சிகரெட் பிடிக்க இறங்கும்போதெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பார்.

"ஏனுங்ணா, ஊர்ல தாசில்தாருக்கு டவாலி. பிளேன் ஏறி வந்தும் செனட்டருக்கு டவாலியா? புரமோஷன்தானுங்க!"

"ஆமா தம்பி. நீங்க அங்க கம்ப்யூட்டரத் தட்டுனீக, இங்கயும் அதத்தான தட்டுதீக?"

"அய்யோ, அண்ணன் போட்டுத் தாக்கிட்டாருங்கோ!" என்று கும்பிட்டுக்கொண்டே போவார்.

எல்லோருக்கும் செனட்டர்மேல் மரியாதை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை யாரையோ ஏற்றிப்போக வந்த டாக்சி டிரைவர் அவர் நாட்டுக்காரர். இவரை அடையாளம் கண்டுகொண்டார். என்னிடம் வந்து, இவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"இவரா? எங்க அப்பா காலத்துலேந்து அந்த நாற்காலில உட்கார்ந்திருந்தார். எங்க ஊர் ரோடு இன்னும் சேறுதான். கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. டிரைவர் போன பிறகு அவரே சொன்னார். "அந்த ஆள் சொல்றது பாதி சரி. இன்னொரு பாதியைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கலை." அன்று அவர் வழக்கத்துக்கு முன்பே மேலே போய்விட்டார்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் அவர் மனம் மெல்ல நழுவத் தொடங்கியது. முதலில் என் பெயரை மறந்தார். பிறகு தளத்தை மறந்து எட்டாவது மாடியில் கதவைத் தட்டினார். சபை நடக்கிறது என்று அவர் சொன்னபோது, அது விளையாட்டா நிஜமா என்று என்னால் பிரிக்க முடியாமல் போனது. நல்ல நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் இதெல்லாம் எதற்கு யோசிக்க வேண்டும் என்று தோன்றும்.

அவர் மகள் ஒரு மாலை டெஸ்குக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. அப்பா தனியா வெளிய போறதைப் பார்த்தா, எங்க போறீங்கன்னு கேளுங்க. அவர் பொய் சொல்ல மாட்டார். சொல்ற பதில்லயே உங்களுக்குத் தெரிஞ்சிடும். உடனே எனக்கு போன் பண்ணுங்க."

"கண்டிப்பா கேக்குறேன்," என்றேன். சின்னத் தாளில் அவர் போன் நம்பரை எழுதி டெஸ்கில் ஒட்டிவைத்தேன்.

அதற்கிடையில் அவர் நாட்டில் ராணுவம் போய், சபை திரும்பத் திறந்திருந்தது. பழைய உறுப்பினர்களை எல்லாம் வரவழைத்து, முன்போலவே பெயர் கூப்பிட்டு மரியாதை செய்யப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் எனக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டினார் என்று கணக்கில்லை. மற்றது எல்லாம் மறந்தாலும் அது மட்டும் மறக்கவில்லை. "பேர் கூப்பிடுவாங்க. நான் எழுந்து இருக்கிறேன்னு சொல்லணும். அப்புறம் எது வந்தாலும் சரி," என்பார். மகள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். அவரைப் பத்திரமாக அந்தச் சபையில் கொண்டுபோய் நிறுத்துவது ஒன்றுதான் அவர் மகளுக்கு அப்போது வேலை. எனக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு இருந்தது. கதவுப் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

பயணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஜனவரி மாசம், திங்கட்கிழமை, அரசாங்க விடுமுறை. நீங்கள் இருவரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நர்ஸுக்கு ஏது விடுமுறை, மகள் டியூட்டிக்குப் போய்விட்டார். லாபியில் ஆள் நடமாட்டமே இல்லை.

ஒன்பதரை மணிக்கு லிஃப்ட் திறந்தது.

அதுவரை அவரை சூட்டில்தான் பார்த்திருக்கிறேன். அன்று அவர்கள் நாட்டு உடையில் வந்தார். தரைவரை புரளும் வெள்ளை அங்கி, கழுத்தைச் சுற்றி நீல நூல் வேலைப்பாடு, அதே நீலத்தில் தொப்பி. ஃபைல் கையில். ஷூ பளபளவென்று இருந்தது. முதுகு நேராக நின்றது. அவருடைய நல்ல காலத்தில் அந்தச் சபைப் படியில் எப்படி ஏறியிருப்பாரோ அப்படி வந்தார். என்னைப் பார்த்து என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு வருஷமாக அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

"கார் வந்துடுச்சா?"

நான் எழுந்து நின்றேன். கண்ணாடி வழியே பார்த்தேன். வாசலில் ஒரு கறுப்புக் கார் என்ஜின் ஓடியபடி நின்றது. அந்த வாரத்தில் இங்குள்ள அவர் நாட்டுச் சங்கத்துக்காரர்கள் வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள், கார் அனுப்புவார்கள் என்று மகள் சொல்லியிருந்தார். விருந்துக்கான உடை, விருந்துக்கான கார். எல்லாம் பொருந்தியது.

"வந்திருக்கு சார்."

டெஸ்கில் ஒட்டிய தாள் என் கண்ணில் பட்டது. எங்கே போகிறீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. இதை நான் பொய்யில்லாமல் எழுத வேண்டும். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. கேட்க மனம் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு மனிதர் தன் பழைய கம்பீரத்தில் நல்ல காரியத்துக்குக் கிளம்பி நிற்கிறார். பதினோரு நாளில் தூரப் பயணம் வேறு இருக்கிறது. வாசலில் நிற்கிறவரை எங்கே என்று கேட்டு அதைக் கெடுக்க வேண்டுமா? அதோடு, மந்திரியாக இருந்தவரைப் பார்த்துப் பியூன் எங்கே என்று கேட்பதா? இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்தன. ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்தேன்.

"தூரமா சார்?"

"பக்கம்தான்," என்றார். "வழக்கமான இடம்."

எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பதில் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். குளிர் காற்று முகத்தில் அடித்தது. அங்கிக்கு மேலே கோட் இல்லை என்பதைப் பார்த்தேன். காரில் ஹீட்டர் இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். நான் கதவை மூடிக்கொண்டு உள்ளே வந்தேன். ரெஜிஸ்தரில் அவர் பெயருக்கு நேராக நேரம் எழுதினேன்.

பத்து நிமிஷம் இருக்கும். ஒன்பதாவது மாடி அம்மா ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏர்போர்ட் கார் இன்னும் நிக்குதா? லேட் ஆயிடுச்சு!"

கார் நின்றுகொண்டுதான் இருந்தது. அந்த அம்மா அதில் ஏறிப் போனார். வெளியே ஓடினேன். தெரு இரண்டு பக்கமும் காலி. காற்று மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையை உருட்டிக்கொண்டு போனது.

எந்தப் பக்கம் ஓடுவது? தெரியவில்லை என்பதுதான் தெரிந்தது. ஆள் திரும்பி வரவில்லை என்றால் எங்கே போய்த் தேடுவீர்கள் என்று அவர் என்னைக் கேட்டிருந்தார்.

மகளுக்கு போன் செய்தேன். போலீசுக்குச் செய்தேன். மாற்று ஆள் வரும்வரை டெஸ்கை விடக் கூடாது என்பது விதி. விட்டுவிட்டு ஓடினேன். சிகரெட் பிடிக்க இறங்கிய கோயம்புத்தூர்த் தம்பி என் முகத்தைப் பார்த்தார். அன்று கேலி இல்லை. "நீங்க ட்ரெயின் ஸ்டேஷன் பக்கம் போங்கண்ணா, நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்," என்று செருப்புக் காலோடு ஓடினார். ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கினேன். டிக்கெட் மெஷின் பக்கம், பஸ் நிற்கிற இடம், டோனட் கடை, எங்கும் இல்லை. தொப்பியையும் அங்கியையும் விவரித்துச் சொல்லும்போது என் இங்கிலீஷ் எனக்கே புரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குத் தம்பிதான் கண்டுபிடித்து, ஆள் விட்டு என்னை வரவழைத்தார். ஆறேழு தெரு தள்ளி, பெரிய பெரிய தூண் வைத்த கோர்ட் கட்டடம் ஒன்று இருக்கிறது. விடுமுறை என்பதால் பூட்டிக் கிடந்தது. அதன் கல் படிகளில் அவர் உட்கார்ந்திருந்தார். தம்பி தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

"எந்திரிக்க மாட்டேங்குறாருங்ணா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். கதவு தொறக்கட்டும், கதவு தொறக்கட்டும்ங்கறாரு."

அவர் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கோபமாக, "இன்னும் மணி அடிக்கலை. ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார்.

நான் என் பழைய ஆபீஸ் குரலில், கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "சபை இன்னைக்கு ஒத்திவைச்சிருக்கு சார்."

"யார் உத்தரவு?"

"மேடம் ஸ்பீக்கர் உத்தரவு சார்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கை கல்லைவிடக் குளிர்ந்திருந்தது.

ஆம்புலன்ஸில் ஃபைலை என் மடியில் வைத்திருந்தேன். வளைவில் அது சரிந்து திறந்துகொண்டது. உள்ளே பீட்சா கடை நோட்டீசுகள். நம் லாபி மேஜையில் கிடப்பவை. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் நுணுக்கமாகக் குறிப்பு எழுதியிருந்தார். ஒன்றில் "இந்தப் பிரிவைத் தெளிவாக்கவும்" என்று இருந்தது. வாத்தியார் கையெழுத்து, அழகாக இருந்தது. நான் அவற்றை வரிசைப்படி அடுக்கி மூடினேன்.

ஆஸ்பத்திரியில் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க கேக்கலையா?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சகுனம், தாசில்தார், தூரமா என்று கேட்டது, பக்கம்தான் என்று அவர் சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே தெரிந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நர்ஸ் உடுப்பில் இருந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா சபைக்குன்னு சொல்லியிருப்பார்," என்றார். "அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஒன்பதாம் நாள் காலை அவர் இறந்துபோனார். டிக்கெட்டுக்கு இரண்டு நாள் பாக்கி இருந்தது. உங்களிடம் "தாத்தாவுக்கு நிமோனியா" என்று மட்டும் சொன்னேன். பெரியவளே, நீ அன்று ஸ்கூலுக்குப் போகாமல் அழுதாய். சின்னவள், "இப்ப யார் என்கிட்ட பெர்மிஷன் கேப்பா?" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

கட்டட மேனேஜர் ஒரு ஃபாரம் கொடுத்தார். நடந்தது என்ன, குடியிருப்பவரை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டு, பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்ச் சகுனத்தை அந்த இரண்டு வரியில் இங்கிலீஷில் எப்படி எழுதுவது? கடைசியில் "மறந்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் வாசித்துப் பார்த்து, "யாருக்கும் நடக்கும்," என்று முதுகைத் தட்டினார். அது பொய். நான் மறக்கவில்லை. இந்தத் தாள்கள்தான் நான் அன்று எழுதியிருக்க வேண்டிய ஃபாரம்.

மகள் அவர் உடலோடு ஊருக்குப் போனார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அங்கிருந்து லாபிக்கு போன் செய்தார். எனக்கு ஏன் செய்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. லைன் கரகரவென்று இருந்தது. சபையில் பழைய உறுப்பினர்களின் பெயர்களைக் கூப்பிட்டார்களாம். இறந்துபோனவர்களின் பெயர்களையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்களாம். மகள் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

"அப்பா பேரு வந்தது. யாரும் பேசலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க," என்றார். பிறகு, "அவரோட முதல் ஆப்சென்ட்," என்றார்.

நான் நின்றுகொண்டே போனைப் பிடித்திருந்தேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். லைனில் சத்தம் இருந்தது, அவர் காதில் விழுந்ததா தெரியாது. அந்த வசந்தத்திலேயே அவர் திரும்பி வந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். சாமான் ஏற்றும் அன்று நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "எங்க போறீங்க?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தெரு, ஊர், மாநிலம் எல்லாம் சேர்த்து முழு விலாசத்தையும் நிதானமாகச் சொன்னார். நான் எழுதிவைத்திருக்கிறேன்.

இதுதான் விஷயம். அம்மாவுக்கும் இதுவரை முழுதாகத் தெரியாது. நீங்கள் வாசித்த பிறகு அவளிடமும் சொல்லுங்கள், அல்லது இந்தத் தாளையே கொடுத்துவிடுங்கள். சகுனத்தில் எனக்கு இன்னும் பயம் உண்டு. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் உள்ளே திக்கென்றுதான் இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

பெரியவளே, அடுத்த வாரம் நீ பெட்டியோடு வாசலில் நிற்பாய். எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்ததே நான்தான். அப்படியும் கேட்பேன். அம்மா என் முதுகில் குத்துவாள். நீ கண்ணை உருட்டிக்கொள், பரவாயில்லை. ஆனால் பதில் சொல்லிவிட்டுப் போ. ஹாஸ்டல் பெயர், ரூம் நம்பர் வரை சொல்லு. பக்கம்தான், வழக்கமான இடம்தான் என்று மட்டும் சொல்லாதே.